உங்கள் சொத்தும் அரசாங்கத்தின் கையும்
(ஆம்பூர் வணிகர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

"அரசாங்கம் நினைத்தால் எடுத்துக்கொள்ளும், நாம் என்ன செய்ய முடியும்?" என்று நம்மவர்கள் பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல.

சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமை. 1978-ல் மொரார்ஜி தேசாய் ஆட்சி கொண்டுவந்த 44-வது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனாலும் 300-ஏ பிரிவு நிற்கிறது: சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறிக்க முடியாது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. முன்னறிவிப்பு வேண்டும், ஆட்சேபணையைக் கேட்க வேண்டும், காரணம் காட்டி முடிவெடுக்க வேண்டும், பொதுநோக்கம் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும்.

இது நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியைத் தொட்டே செல்கிறது. அதை அகலப்படுத்த நாளை உங்கள் கடையோ தோல் மண்டியோ தேவைப்படலாம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, அரசிதழில் அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம்; வக்கீல் வைத்தும் வாதாடலாம். இழப்பீடு போதாதென்றால் நடுவரிடம் முறையிடலாம். ஆனால் வீடு தேடி நோட்டீஸ் வருமென்று காத்திருக்காதீர்கள். அறிவிப்பு நாளிதழில் வரும்.

பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருந்தால் இழப்பீடு பங்குத் தகராறில் முடங்கும். அல்லாஹ் விதித்த பங்கைப் பெண்மக்களுக்கும் கொடுத்து, பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, பட்டாவை மாற்றி வையுங்கள்.

இளைஞர்களே! மஹல்லாவுக்கு இருவர் இந்த அறிவிப்புகளைப் படித்து உரியவர்களிடம் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். உறங்குகிறவனுக்குச் சட்டம் உதவாது.