வண்டிக்காரரும் பாட்டுக்காரரும்

(திரைப்பட மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆப்பிரிக்கத் திரைப்படத்தின் தந்தை என்று போற்றப்படும் உஸ்மான் செம்பேன், தம் மண்ணின் இசையிலிருந்தும் கலையிலிருந்தும் எதை எடுத்துக்கொண்டார் என்பது பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

செம்பேன் 1923இல் செனகல் நாட்டில் மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பிரெஞ்சு மொழியில் நாவல்கள் எழுதிப் பெயர் பெற்றார். ஆனால் அவர் யாரைப் பற்றி எழுதினாரோ, அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நூல்களைப் படிக்கத் தெரியாது. இந்த உறுத்தல்தான் அவரைத் திரைப்படத்துக்குக் கொண்டுவந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் மாஸ்கோ சென்று திரைக்கலை பயின்றார். திரைப்படத்தை மக்களுக்கான மாலைப் பள்ளியாகவே கருதினார்.

அவருக்கான முன்மாதிரி ஊரிலேயே இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ‘கிரியோ’ எனப்படும் பாணர்கள் உண்டு. குல வரலாற்றை நினைவில் வைத்துப் பாடுவோர் அவர்கள்.

1963இல் வந்த ‘போரோம் சரே’ சுமார் 20 நிமிடப் படம். தலைப்புக்கு வண்டிக்காரர் என்று பொருள். டாக்கர் நகரக் குதிரைவண்டிக்காரர் ஒருவரின் ஒரு நாள்தான் கதை. ஏழைகளின் பகுதியில் வண்டி ஓடும்போது உள்ளூர் நரம்பிசை ஒலிக்கிறது. வசதியானவர்களின் பகுதிக்குள் நுழைந்ததும் ஐரோப்பிய இசை தொடங்குகிறது. இரண்டு உலகங்களுக்கு இடையிலான எல்லையை இசையே காட்டிவிடுகிறது.

இந்தப் படத்தை ஒன்பதாம் வகுப்பில் காட்டி, வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் ஒரு பாணர் வண்டிக்காரரின் முன்னோர் பெருமையைப் பாடுகிறார். மனம் குளிர்ந்தவர் அதுவரை சம்பாதித்ததை எல்லாம் கொடுத்துவிடுகிறார். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை. “எவ்வளவு ஏமாளி, பார்த்தீர்களா?” என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஏமாளி இல்ல சார். காலையிலேருந்து அவரை மதிச்சுப் பேசினது அந்தப் பாட்டுக்காரர் ஒருத்தர்தான்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த மாணவனிடம் அதுவரை நான் கேட்டதெல்லாம் “ஏன் நேற்று வரவில்லை?” என்பது மட்டும்தான்.

செம்பேன் பாணர் மரபை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. காசுக்குப் புகழ் பாடுவதை விட்டுவிட்டு, ஊர் நடப்பை உள்ளபடி சொல்லும் பாணராக இருக்க விரும்பினார்.

1966இல் வந்த ‘கறுப்புப் பெண்’ ஆசிரியர்களாகிய நாம் பார்க்க வேண்டிய படம். டியுவானா என்ற இளம்பெண், தான் வேலை செய்யும் பிரெஞ்சுக் குடும்பத்துக்கு ஒரு முகமூடியை அன்பளிப்பாகத் தருகிறாள். பிரான்சில் அது வெள்ளைச் சுவரில் அலங்காரமாகத் தொங்குகிறது. அங்கே அடைபட்டு, அவமதிக்கப்பட்ட டியுவானா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். முதலாளி அவளுடைய பொருள்களைத் திருப்பிக் கொடுக்க டாக்கருக்கு வருகிறார். அந்த முகமூடியை அணிந்த சிறுவன் ஒருவன் அவரைப் பின்தொடர்கிறான். அவர் அஞ்சி விரைகிறார். சுவரில் அலங்காரமாக இருந்த கலை, சிறுவனின் முகத்தில் சாட்சியாகிவிடுகிறது.

1968இல் எடுத்த ‘மண்டாபி’யில் மக்கள் தங்கள் வோலோஃப் மொழியிலேயே பேசினார்கள். பாரிஸிலிருந்து வந்த மணியார்டரைப் பணமாக்க, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அடையாள அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் கதை அது. படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி தம் கதையைச் சொல்ல வேண்டும் என்ற செம்பேனின் எண்ணம் அதில் நிறைவேறியது.

நம் மன்றத்திலும் படம் முடிந்தவுடன் நீதி சொல்ல அவசரப்பட வேண்டாம். முதலில் மாணவர்கள் தங்கள் பேச்சுமொழியில் பேசட்டும். கடைசி வரிசையின் பதிலுக்குக் காத்திருப்போம். எனக்குப் பாடம் அங்கிருந்துதான் வந்தது.