சிக்கன இணையமும் சீரான பங்கீடும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையை எடுத்துரைப்பது வழக்கம். அதை இங்குள்ள ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது நம் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டு கிடக்கிறதே, அந்த இணையப் பெட்டியைப் பற்றி. அதென்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். பெரிய விஷயம்தான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. அந்த ஏப்ரலில் கல்வி அமைச்சு வெளியிட்ட ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் இணையப் படிப்புக்கு எந்தக் கருவியுமே இல்லை என்று தெரிய வந்தது. கருவி இருந்த வீட்டிலும் நிலைமை என்ன? ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள், பத்து வெள்ளி டாப் அப். செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய காரியம். “டீச்சர், கேக்கல டீச்சர்!” என்ற குரலை நாம் மறந்துவிட முடியுமா? அந்தக் காலம் முடிந்தது. ஆனால் வீட்டுப்பாடமும் கூடுதல் வகுப்பும் பள்ளியின் அறிவிப்பும் இன்றும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகின்றன.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இணையப் பெட்டியும் நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அப்படித்தான் நடந்துகொள்ளும். இணையத்தில் எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் பயணம் செய்கின்றன. ஆசிரியரின் குரல் விநாடிக்கு ஏறக்குறைய 50 சிறு பொட்டலங்களாக வருகிறது. அதே நேரத்தில் அண்ணன் விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்கம் செய்தால், அது பல இணைப்புகளைத் திறந்துகொண்டு கூட்டமாக வந்து வரிசையை அடைத்துக்கொள்ளும். ஆசிரியரின் குரல் கடைசியில் போய் நிற்கும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சினிமாப் படம் சில விநாடிகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்வதால், அதன் பொட்டலம் சற்றுத் தாமதமாக வந்தாலும் நமக்குத் தெரியாது. ஆனால் ஆசிரியரின் சொல் அரை விநாடி தாமதித்தாலே பாடம் சிதறிப்போகும். தெளிவான படம் ஒன்றுக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேண்டும். குரலுக்கு மட்டுமென்றால் 0.1 மெகாபிட்டே தாராளம். அதாவது ஒரு படம் ஓடுகிற இடத்தில் ஐம்பது ஆசிரியர்களின் குரலைக் கேட்கலாம்! ஆக, வகுப்புக்குத் தேவைப்படுவது பெரிய பங்கு அல்ல, முதலிடம்தான்.

உலகமே இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், சுமார் 400 கெஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கிடையே விநாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் முண்டியடித்ததே காரணம். நெரிசல் தெரிந்தால் ஒவ்வொரு கணினியும் தானாகவே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற முறையை வான் ஜேக்கப்சன் என்ற அறிஞர் 1988இல் விளக்கினார். பின்னர் 1998இல், ‘இது அவசரம், இது பொறுக்கும்’ என்று பொட்டலத்தின் மேலேயே முத்திரை இடும் முறையும் வகுக்கப்பட்டது. விட்டுக்கொடுத்தால்தான் எல்லாருக்கும் கிடைக்கும் என்பதை இயந்திரத்துக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது, பாருங்கள்.

மலாக்காக்காரர்களுக்கு இது புதிய பாடமா? 1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டபோது பட்ட பாட்டைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிடைத்த தண்ணீரில் குடிக்கவும் சமைக்கவும் முதலில் எடுத்து வைத்தோம், துணி துவைப்பது பிறகு, பூச்செடி கடைசி. இணையத்துக்கும் அதே கணக்குத்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இணையப் பெட்டி இருந்தால், அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள முகவரியையும் கடவுச்சொல்லையும் கொண்டு அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போகலாம். பல பெட்டிகளில் ‘கியூ.ஓ.எஸ்.’ என்று ஒரு பகுதி இருக்கும். பிள்ளை படிக்கும் கருவிக்கு அங்கே முதலிடம் கொடுங்கள். வேகத்தை அளந்து பார்த்து, 30 மெகாபிட் வருகிறதென்றால் 27 என்று வரம்பு போடுங்கள். மூன்றை ஏன் விட வேண்டும்? வரிசை வெளியே எங்கோ நிற்காமல் நம் பெட்டிக்குள்ளேயே நிற்கும்; அப்போதுதான் யார் முன்னால் போவது என்பதை நாம் முடிவு செய்யலாம்.

பெட்டி கிடையாது, கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் என்கிறீர்களா? கவலை வேண்டாம், கையாலேயே செய்யலாம். வகுப்பு நேரத்தில் செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்துங்கள். படங்கள் மேலே ஏறுவதை இரவுக்கு ஒத்திப் போடுங்கள். வாட்சப்பில் வீடியோ தானாக இறங்குவதை அடைத்து வையுங்கள். ஆசிரியர் அனுமதித்தால் பிள்ளையின் கேமராவை மூடிவிட்டுக் குரலை மட்டும் வையுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முதலிடம் கொடுப்பதால் இணையம் பெருகிவிடாது. பங்கீடு தண்ணீரை உண்டாக்காது. கோபுரமும் கம்பியும் வரத்தான் வேண்டும். அதற்காகத்தான் அரசாங்கம் 2020இல் ‘ஜென்டேலா’ திட்டத்தை அறிவித்தது. நம் தோட்டத்தில் குறை இருந்தால் கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஆனால் அது வரும்வரை இருப்பதை வீணடிக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

இன்னொன்று. யாருக்கு முதலிடம் என்பதை எந்தப் பெட்டியும் முடிவு செய்யாது. குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். சத்தம் போடுகிற அண்ணனுக்கா, வாய் திறவாமல் மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் தங்கச்சிக்கா? அப்பா களைத்து வந்து பந்து விளையாட்டுப் பார்ப்பதும் நியாயம்தான்; அம்மா ஊரிலுள்ள பாட்டியோடு பேசுவதும் நியாயம்தான். அவர்கள் பங்கை ஒரேயடியாக அடைத்துவிடக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் உட்கார்ந்து, படிப்புக்கு இந்த ஒன்றரை மணி நேரம் என்று பேசி முடிவெடுத்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அண்ணன்மார்களே, அந்த நேரத்தில் விளையாட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தம்பி தங்கையின் பரிசில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள். இன்னும் ஏறாத பிள்ளைகளுக்கும் வீட்டில் அந்த முதலிடம் கிடைக்கட்டும்.