தூரத்தைப் பார்க்காதீர்கள், ஏற்றத்தைப் பாருங்கள்

சேவூர், அவிநாசிப் பக்கம் பனியன் கம்பெனி இளவட்டங்களுக்கு ஞாயிறு வந்தால் மலையேறும் ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். அதற்கு வழிகாட்டிப் புத்தகம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாதை எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். எவ்வளவு ஏற்றம் என்று பாருங்கள்.

பனியன் வாங்கும்போது அண்ணன் சைஸையா கேட்கிறோம்? நம் சைஸைத்தானே கேட்கிறோம். பாதையும் அப்படித்தான், நம் உடம்புக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

தமிழ்நாடு வனத்துறை 2024-இல் நாற்பது மலைப்பாதைகளை அறிவித்தது. ஒவ்வொன்றையும் எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்தது. கோத்தகிரி லாங்வுட் சோலை எளிது. மர நிழலிலேயே நடக்கலாம். வெள்ளியங்கிரி கடினம். ஏழு மலை. அடிவாரத்தில் மூங்கில் கம்பு வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் வெடவெடக்கும். சனி இரவு ஷிப்ட் முடித்த கையோடு போகிற இடமல்ல அது.

ஆகவே இப்படித் தரம் பிரித்துச் சொல்கிற புத்தகமாக எடுங்கள். ஏற்றத்தைச் சொல்ல வேண்டும். ஆகும் நேரத்தையும் சொல்ல வேண்டும். அழகான படங்கள் மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள்.

அச்சிட்ட வருடத்தையும் பாருங்கள். 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களின் உயிர்களைப் பறித்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. காட்டுப் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். தீ பிடிக்கும் கோடையில் பாதைகளை மூடுவதும் உண்டு. பழைய புத்தகத்தில் இதெல்லாம் இருக்காது. கிளம்பும் முன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.