கேட்டுவிட்டுப் பகிர்வோம்



பண்ருட்டி வட்டாரத்தில் ஏதோ ஒரு நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னறை அலமாரியிலிருந்து பழைய மாத இதழ்களின் பைண்டு செய்த தொகுதி ஒன்றை நூலகர் எடுத்து வருகிறார். பக்கத்தைப் புரட்டும்போதே ஓரம் அப்பளம்போல நொறுங்கி மேசையில் உதிர்கிறது. உள்ளே ஒரு கட்டுரை: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பற்றியது. ஆய்வு மாணவி ஒருவர், "சார், இதை ஸ்கேன் பண்ணி எங்க குரூப்ல போட்டுடட்டுமா?" என்று கேட்கிறார். நூலகர் தயங்குகிறார்.

அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் அதோடு பேச்சை முடித்துவிட்டால், கட்டுரை செல்லரித்துப் போகும். மாணவி கேட்டது ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி: நூலகம் அதை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று 52ஆம் பிரிவு இப்போது தெளிவாகச் சொல்கிறது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூல் என்றால், நூலகப் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிகள் வரை எடுத்துக்கொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது.

இரண்டாவது: மாணவி தன் ஆய்வுக்காக அந்த ஒரு கட்டுரையைப் பிரதி எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொள்ளலாம். சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஜெராக்ஸ் கடைமீது 2012இல் மூன்று பெரிய பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. பாடம் நடத்தத் தேவையான அளவுக்குப் பிரதி எடுக்கலாம் என்று 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வகுப்பறைக்கு உரியது. ஆயிரம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அதை நீட்ட முடியாது.

மூன்றாவது கேள்விதான் குழு, இணையம், ஊர் முழுக்கப் பகிர்வது. இதற்குத்தான் அனுமதி வேண்டும். பலாக்காலத்தில் பண்ருட்டிச் சாலையோரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் பழம் தொங்கும். தோப்புக்காரரைக் கேட்காமல் நாம் அதை அறுப்பதில்லையே. எழுத்தும் ஒருவருடைய உழைப்பில் விளைந்ததுதான்.

யாரிடம் கேட்பது? இங்கேதான் பலரும் தவறிப்போகிறார்கள். பத்திரிகையில் வந்தது பத்திரிகைக்கே சொந்தம் என்று நினைத்துவிடுகிறோம். சம்பளத்துக்கு வேலை பார்த்த உதவி ஆசிரியர் எழுதியது என்றால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்குச் சேரும். வெளியிலிருந்து எழுதி அனுப்பியவர் எழுத்துமூலம் உரிமையை மாற்றித் தராதவரை, உரிமை அவரிடமே இருக்கிறது. அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளிடம்.

எத்தனை காலத்துக்கு? எழுதியவர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள். எழுத்தாளர் கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். அந்தக் கணக்குப்படி 2014 முடிவில் காலம் தீர்ந்தது. அதற்கு வெகு முன்பே தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. நம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 2015இல் மறைந்தார். அறுபது ஆண்டுக் கணக்கு அவருக்கு 2075 வரை போகும். அவருடைய சிறுகதை ஒன்றை முழுதாக ஸ்கேன் செய்து பரப்பும்போது, நமக்கு அது அன்பாகத் தோன்றலாம். அவர் குடும்பத்துக்கு அது இழப்பு.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ஒரு சான்று நம் மொழியிலேயே இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. திரும்பப் பெறவே முடியாத சுவடிகளும் இதழ்களும் சாம்பலாயின. அந்த வடு ஆறாத மண்ணில் 2005இல் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் இணைய நூலகம் எழுந்தது. ஈழத்து எழுத்தாளர்களிடமும் வெளியீட்டாளர்களிடமும் அனுமதி கேட்டுக் கேட்டு, ஆயிரக்கணக்கான நூல்களையும் இதழ்களையும் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். இழப்பின் வலி தெரிந்தவர்கள்கூடக் கேட்டுவிட்டுத்தான் பகிர்ந்தார்கள்.

எனவே நூலகர்களுக்கு என் வேண்டுகோள்: ஸ்கேன் செய்ய அஞ்சாதீர்கள். காகிதம் நமக்காகக் காத்திருக்காது. இன்றே சேமித்துவிடுங்கள், பகிர்வதற்கு முன் மட்டும் கேளுங்கள்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய இதழ்களில் வந்த உங்கள் கட்டுரைகளை நூலகம் இணையத்தில் வைக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நீங்கள் இருக்கும்போது ஐந்து நிமிட வேலை. உங்களுக்குப் பிறகு, வாரிசைத் தேடி நூலகர் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும்.

வீட்டில் பழைய இதழ்களை வைத்திருப்பவர்களே, அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய பேப்பர் கடைக்குக் கட்டி எடுத்துப் போகும் முன், உங்கள் ஊர் நூலகரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.