மிதிவண்டி மாணவனும் அவன் தோழனும்

(தோட்டப் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிதிவண்டி. "சைக்கிளைப் பற்றி நமக்குச் சொல்ல ஓர் அதிகாரி வரவேண்டுமா?" என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வியே. பால் நிறைந்த வாளிகளை வண்டியின் பின்னால் கட்டி, மழையில் குழைந்த செம்மண் பாதையில் சிந்தாமல் கொண்டு சேர்த்த தலைமுறை உங்களுடையது. அந்தத் திறமைக்கு முன் என் பேச்சு சிறிது. ஆயினும் இன்று நம் பிள்ளைகளுள் சிலர் மிதிவண்டியை வேறொரு நோக்கத்தோடு கையில் எடுக்கிறார்கள். அவர்களுக்கு அது பயிற்சி, பந்தயம், நாளைய கனவு. பெற்றோருக்கோ அது படிப்பைக் கெடுக்கும் பொழுதுபோக்கு. சாலையில் உயிருக்கு உலை வைக்கும் ஆபத்து. இவ்விரு பார்வைகளுக்கும் இடையே வீட்டில் எழும் பூசலைத் தணிக்க உதவும் சில செய்திகளைச் சொல்லவே வந்துள்ளேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். பிள்ளை ஓட்டட்டும். ஆனால் தனியே ஓட்ட வேண்டாம். இருட்டில் ஓட்ட வேண்டாம். நாள்தோறும் வேகமாக ஓட்ட வேண்டாம். இவற்றைப் பெற்றோர் கண்டிப்பாகவே கேட்கலாம். "வண்டியைத் தொடவே கூடாது" என்று தடுத்துவிட்டால், அவன் நமக்குத் தெரியாமல் ஓட்டத் தொடங்குவான். அது இதனினும் கொடிது.

கெர்லிங் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் படிவம் நான்கு மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குப் புறப்படும்போதே அவனும் எழுந்துவிடுகிறான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதிகாலையில் எழுதல் புதிய பாடம் அன்று. ஆயினும் அந்த நேரத்தில் அவன் சாலைக்குச் செல்லலாகாது. இருள் விலகியிராது, லோரிகள் விரையும் வேளை. அவன் பள்ளிப் பேருந்துக்கு ஆயத்தமாகட்டும். பள்ளி முடிந்து, உண்டு, சிறிது ஓய்ந்து, பாடங்களில் ஒரு பகுதியை முடித்தபின் மாலை ஐந்து மணியளவில் வண்டியை எடுக்கலாம். நம் நாட்டில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் போதும். இடி மின்னலோடு மாலை மழை வந்துவிட்டால் அன்றைய ஓட்டம் இல்லை. அதற்காக முகம் வாடவும் தேவையில்லை. மழை நாளில் பால் வெட்டு இல்லாததைப் போன்றதே அது.

இரவு எட்டு முதல் பத்து வரை படிப்பு. பின்னர் உறக்கம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. பயிற்சியால் தசை களைக்கிறது. உறக்கத்தில்தான் அது தன்னைச் சீர்செய்துகொண்டு வலுப்பெறுகிறது. ஆகவே நள்ளிரவு வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவன் மாலையில் எவ்வளவு மிதித்தாலும் பயன் சிறிதே. "சைக்கிள்தான் படிப்பைக் கெடுத்தது" என்று சொல்லும் பெற்றோர்களிடம் நான் கேட்பது ஒன்றே: அவன் எத்தனை மணிக்கு உறங்கினான்?

இனிப் பயிற்சிக்கு வருவோம். நம் மாணவர்கள் செய்யும் பெரும் பிழை, வண்டியில் ஏறிய ஒவ்வொரு நாளையும் பந்தய நாளாக ஆக்கிவிடுவதாகும். ஒரே மரத்தை நாள் தவறாமல் ஆழமாக வெட்டினால் என்ன நேரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரம் வற்றிவிடும், பட்டை இருக்கும், பால் இராது. அதனாலன்றோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறை வந்தது! இளைஞன் உடலுக்கும் அதே கணக்குத்தான். கிழமைக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் கடுமையாக ஓட்டலாம். தோட்டத்துக்குள் ஏற்றமான பாதை ஒன்று இருக்குமாயின் மூன்று நிமிடம் முழு முயற்சியோடு ஏறி, மெல்ல இறங்கி, மூச்சு நிதானித்தபின் மீண்டும் ஏறலாம். அவ்வாறு நான்கு முறை போதும். மற்ற நாள்களில் பக்கத்தில் வருபவனோடு தடையின்றிப் பேசக்கூடிய வேகமே சரியான வேகம். பேச்சு மூச்சிரைப்பால் அறுந்தால் வேகம் மிகுதி. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை; தோழன் ஒருவன் இருந்தால் போதும்.

கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பதை வீரம் என்று சிலர் எண்ணுகின்றனர். முழங்கால் வலியோடு வரும் மாணவர்களிற் பலர் இவ்வாறு மிதிப்பவர்களே. இலகுவான கியரில், நிமிடத்திற்கு 80 முதல் 90 சுற்று வரை காலைச் சுழற்றப் பழகுதல் நன்று. இருக்கையின் உயரத்தையும் பாருங்கள். குதிகாலை மிதியின்மேல் வைத்து, மிதி அடியில் இருக்கும்போது கால் நேராக நீளவேண்டும். தம்பி வளர்வான் என்று இரண்டு அளவு பெரிய வண்டியை வாங்கிக் கொடுக்காதீர்கள்; சட்டைக்கு ஏற்ற அந்தச் சிக்கனம் வண்டிக்கு ஏற்றதன்று. பழைய வண்டியே ஆனாலும் அளவு பொருந்தி, இரு பிரேக்குகளும் பிடித்து, சங்கிலி சுத்தமாக இருந்தால் அது நல்ல வண்டி. மிச்சமாகும் பணத்தில் தலைக்கவசம் வாங்குங்கள்.

தோழனைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவனுக்குப் பெரும் பகை காற்றே. அவன் உழைப்பின் பெரும்பகுதி அதனைத் தள்ளுவதிலேயே கழிகிறது. முன்னால் செல்பவன் காற்றைப் பிளக்க, பின்னால் நெருங்கி வருபவனுக்குக் கால் பங்குக்கும் மேலான உழைப்பு மிச்சமாகிறது. ஆகவே இருவர் மாறி மாறி முன்னால் சென்றால், தனியே செல்பவனைவிட நெடுந்தொலைவு செல்லலாம். இரண்டு நிமிடம் ஒருவன், அடுத்த இரண்டு நிமிடம் மற்றவன். வலியவன் சற்று அதிக நேரம் முன்னால் இருக்கலாம். மெலிந்தவன் முறைக்கு வந்து உடனே விலகினாலும் குற்றமில்லை. முன்னால் செல்பவனே பின்னால் வருபவனுக்குக் கண். குழி வந்தால் கையைக் காட்டவேண்டும். சரளைக்கல் கிடந்தால் குரல் கொடுக்கவேண்டும். பின்னால் லோரி வந்தால் பின்னவன் கூவவேண்டும். இதை ஒழுங்காகச் செய்யும் இருவர் ஆறு மாதத்தில் ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொள்கிறார்கள். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். வகுப்பறையில் இதைக் கற்பிப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன்.

வாரக் கடைசி அவர்களுக்குத் திருநாள். நான் சொன்ன கெர்லிங் மாணவனும் அவன் தோழனும் ஞாயிறு காலையில், வெளிச்சம் நன்கு வந்தபின், கோலகுபு பாருவுக்குச் செல்கிறார்கள். அங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்ப்பரப்பு வரை செல்வதே புதியவர்களுக்குப் போதுமானது. அங்கே நின்று, தண்ணீர் குடித்து, மலைக்காற்றை வாங்கித் திரும்பலாம். ஓராண்டு பழகியவர்கள் காட்டினூடே 'கேப்' கணவாய் வரை ஏறலாம். பிரேசர் மலையின் உச்சி கடல் மட்டத்திற்கு மேல் 1,200 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், பகாங் மாநிலத்தில் உள்ளது. சாலை செங்குத்தன்று, ஆனால் முடிவதுமில்லை. ஒருவன் சமதரையில் வல்லவனாக இருப்பான். மற்றவன் ஏற்றத்தில் வல்லவனாக இருப்பான். ஏற்றத்தில் வல்லவன் வளைவுக்கு வளைவு காத்திருக்கவேண்டும் என்பது அவர்களுக்குள் உடன்பாடு.

இடையே ஒரு செய்தி. 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக்கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். பாட நூலில் அவசரகாலம் என்று படித்ததை மாணவன் இங்கே தன் கால்களால் கடந்து செல்கிறான். வீடு திரும்பியதும் அக்காலத்தைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்த கதை ஏதும் உண்டா என்று அப்பாவைக் கேட்கட்டும். தேர்வுக்கும் உதவும்.

அந்தப் பாதையில் கடைகள் அரிது. நம் வெப்பத்தில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். ஆகவே ஆளுக்கு இரண்டு புட்டிகள். வாழைப்பழம், சக்கரம் ஒட்டும் பொருள்கள், காற்றடிக்கும் பம்பு, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய தாள் ஆகியன உடன் இருக்கட்டும். எந்த மணிக்குத் திரும்புவோம் என்பதைப் புறப்படுமுன் சொல்லவேண்டும். எட்ட வேண்டிய இடம் அருகில் இருந்தாலும் அந்த நேரம் வந்ததும் வண்டியைத் திருப்பவேண்டும். ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. ஈர இலைகள், எதிரே காரை மறைக்கும் வளைவுகள், சூடேறிய பிரேக்குகள் ஆகியவற்றை மனத்தில் வைத்து, இறக்கத்தில் நெருங்கி வராமல் இடைவெளி விட்டு வருதல் வேண்டும்.

இனி, பேச விரும்பாத ஒன்றையும் பேசியாக வேண்டும். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை மூன்று மணியளவில் ஜொகூர் பாருவில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்த சிறுவர்கள்மீது கார் மோதி, அவர்களுள் எட்டுப் பேர் மாண்டனர். 'லாஜாக்' என்று வழங்கும், பிரேக் கழற்றி உருமாற்றிய வண்டிகளைப் பற்றி நாடே அப்பொழுதுதான் விழித்துப் பேசியது. இறந்தவர்கள் தீய பிள்ளைகள் அல்லர். வேகத்தையும் தோழமையையும் விரும்பிய பிள்ளைகளே. பகலில் அவர்களுக்கு இடமும் வழிகாட்டுவாரும் இருந்திருந்தால் என்று என் மனம் பலமுறை எண்ணியதுண்டு. உங்கள் மகன் வண்டியின் பிரேக்கைக் கழற்றினாலோ, கைப்பிடியைத் தாழ்த்தினாலோ, அன்றே நிறுத்திக் கேளுங்கள். இருட்டுவதற்குள் திரும்ப இயலாமற் போனால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். விரைவு நெடுஞ்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை.

இத்தனை பாடுபட்டு எங்கே செல்ல முடியும் என்று கேட்கலாம். 1978ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற எங் ஜூ ஙான் நம் நாட்டவர். திரெங்கானு மாநிலத்து டுங்குனில் 1988இல் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங், மெல்பர்னில் பயிற்சியும் பல்கலைக்கழகப் படிப்புமாக வாழ்ந்தார். 2011இல் மான்செஸ்டரில் விழுந்து, ஓடுதளத்துப் பலகையின் சிராய் கெண்டைக்காலை ஊடுருவிய நிலையிலும் எழுந்து மூன்றாவதாக வந்தார். 2016 ரியோவில் வெண்கலம், 2017இல் உலக வாகை, 2021இல் தோக்கியோவில் வெள்ளி. 2024 பாரிசில் வழிகாட்டும் வண்டியை உரிய நேரத்திற்கு முன் முந்தியதால் முதற்சுற்றிலேயே நீக்கப்பட்டார். அவருக்கும் தோழர்கள் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கெய்ரின் இறுதிச் சுற்றுவரை சென்ற ஜோசையா எங் அவருக்கு மூத்தவர்; இருவரும் ஒரே பயிற்சியாளரிடம் மெல்பர்னில் சேர்ந்து ஓட்டினர். பெண் பிள்ளைகளின் பெற்றோரும் கேளுங்கள்: ஃபாத்தேஹா முஸ்தாபா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நமக்காக மிதித்தார். நீலாயில் 2017 முதல் கூரையிட்ட தேசிய ஓடுதளம் இருக்கிறது. ஒரு சுற்று 250 மீட்டர். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

எல்லாரும் ஒலிம்பிக் செல்லப்போவதில்லை; அதை நான் வாக்களிக்கவும் இல்லை. ஆயினும் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்குப் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காட்டு மதிப்பெண் உண்டு. போட்டிச் சான்றிதழ்களைப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள்; பள்ளியில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் ஆசிரியரிடம் கேளுங்கள்.

இறுதியாக, இங்கு வருமுன் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "பிள்ளை களைத்து வந்தால் என்னய்யா கொடுப்பது? கடையில் விற்கும் அந்தப் பொடி டப்பாவை வாங்கவேண்டுமா?" வேண்டாம், அம்மா. வந்த ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும் ஒரு முட்டையும் கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். அவன் தோழனும் உடன் வந்திருந்தால் அவனுக்கும் ஒரு தட்டு வையுங்கள்.