உதைபந்தாட்ட அரங்கும் ஊரார் வரிப்பணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே பேச வேண்டுமென்று செயலாளர் தம்பி என் வீட்டுக்கு வந்தபோது, கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசச் சொல்வார் என்று எண்ணினேன். அவரோ கையில் ஒரு விண்ணப்பத்துடன் வந்திருந்தார். வன்னிப் பெருநிலத்தின் பெயரால் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் ஒன்று அமைய வேண்டும். அது ஆடுவதற்கு இருபதினாயிரம் பேர் இருந்து பார்க்கத்தக்க அரங்கு ஒன்றை அரசாங்கம் பொதுப் பணத்திலே கட்டித்தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வாலிபர் பலர் கையொப்பமிட்டிருந்தனர். "ஐயா, நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றார். "தம்பி, கூட்டத்திலே பேசிவிட்டு வைக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். ஆகவே இன்று நான் பேசுவது, அந்தக் கையொப்பத்தை இடுவதா விடுவதா என்பதைப் பற்றியே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். நான் விளையாட்டுக்கு விரோதியல்லேன். சுவாமி விவேகானந்தர் வாலிபருக்கு உடல் வலிமை வேண்டுமென்று வற்புறுத்தியபோது உதைபந்தாட்டத்தையே எடுத்துக் காட்டினார் என்பதை இச்சங்கத்திலுள்ள சிறுவனும் அறிவான். 1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அனுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அவர் சென்றது இந்த வன்னி வழியாகத்தான். பந்தை உதைக்கும் கால்தான் பாரத்தையும் தாங்கும் என்பது என் நம்பிக்கை. நானும் இளமையில் வயல்வெளியில் வெறுங்காலுடன் ஆடியவன். காலில் நெல்லடி குத்திய தழும்பு இன்றும் இருக்கிறது.

ஆனால், விளையாட்டு நல்லது என்பது ஒன்று; தொழில்முறைக் கழகத்துக்குப் பொதுப் பணத்தில் அரங்கு கட்டுவது நல்லது என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்துப் பேசுவதனாலேயே பல நாடுகள் ஏமாந்திருக்கின்றன.

வரிப்பணம் என்பது யாருடைய பணம்? வரி கொடுப்பவர் கொழும்பிலுள்ள தனவந்தர்தாம் என்று நம்மிற் சிலர் நினைக்கின்றனர். அது பிழை. பெறுமதி சேர் வரி 2024ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. சவர்க்காரக் கட்டி வாங்கும் தாயும், கைத்தொலைபேசிக்குப் பணம் போடும் மாணவனும் அந்த வரியைக் கொடுக்கிறார்கள். கணவனைப் போரிலே இழந்து, தையல் இயந்திரம் ஒன்றை நம்பிப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணும் கொடுக்கிறாள். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்த நாடு நமது நாடு. அந்தக் கடனில் ஒரு பங்கு, பெருமைக்காகக் கட்டிய கட்டிடங்களால் வந்தது.

அம்பாந்தோட்டை மாவட்டத்தில் சூரியவெவ என்னும் இடத்தை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டிக்காக, காட்டுப் பக்கத்திலே 35,000 பேர் அமரத்தக்க அரங்கொன்றை எழுப்பினார்கள். அந்த உலகக் கிண்ணத்தில் அங்கே நடந்தவை இரண்டே ஆட்டங்கள். அரங்குகளைக் கட்டியும் திருத்தியும் கிரிக்கெட் சபை கடனில் மூழ்கியது. நாட்டுக்காக ஆடிய வீரருக்கே பல மாதம் சம்பளம் கொடுக்க முடியாமற் போயிற்று. பின்னர் அந்த அரங்கு கலியாண வைபவங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த ஊர் ஏழை விவசாயியும் நம்மைப்போன்ற குளத்து விவசாயிதான். அவனுக்கு என்ன கிடைத்தது?

இது நமது நாட்டின் குறை மாத்திரமன்று. கனடாவிலே மொன்றியல் நகரம் 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கின் கடனை அடைத்து முடித்தது 2006ஆம் ஆண்டில். முப்பது ஆண்டுகள்! அதற்காகப் புகையிலை மீது தனி வரி போட்டார்கள். விளையாட்டைப் பார்த்தவர் பேரப்பிள்ளை கண்ட பின்னும் கடன் தீரவில்லை. பிறேசில் நாடு 2014ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்காக அமேசன் காட்டின் நடுவிலுள்ள மனாஸ் நகரில் 40,000 பேருக்கு மேல் அமரும் அரங்கைக் கட்டியது. அங்கே நடந்த உலகக் கிண்ண ஆட்டங்கள் நான்கு. உதைபந்தாட்டத்தைத் தாய்ப்பாலோடு பருகும் நாட்டிலேயே இப்படி என்றால், நாம் சற்று நின்று யோசிக்க வேண்டாமா?

"அரங்கு வந்தால் கடை வரும், தொழில் வரும், ஊர் செழிக்கும்" என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதை நாம் நமது அனுபவத்தாலே சோதிக்கலாம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் பெருந்திரளான சனம் கூடுகிறது. அன்றைக்குக் கச்சான் விற்பவருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் நல்ல வியாபாரம். ஆனால் அந்த ஒரு நாள் வருமானத்தை நம்பி ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துபவர் உண்டா? உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கில்கூட ஒரு கழகம் தன் சொந்த அரங்கிலே ஆடும் லீக் ஆட்டங்கள் ஆண்டுக்கு 19 தான். மற்றைய நாட்களில் கதவு பூட்டியே கிடக்கும். காவற்காரனுக்கும் மின்சாரத்துக்கும் புல்லுக்கும் செலவு மாத்திரம் நடக்கும்.

இன்னொன்று. நம்மூர் வாலிபன் ஐந்நூறு ரூபாவை வாயிலிலே கொடுத்தால், அந்த ஐந்நூறு ரூபா வானத்திலிருந்து விழுந்ததன்று. அவன் பக்கத்துக் கடையிலே கொத்துரொட்டிக்குக் கொடுத்திருக்கக்கூடிய பணந்தான் அது. பணம் கை மாறுகிறதேயன்றிப் பெருகவில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் பல ஆண்டுகளாக அரங்குகளை ஆராய்ந்து வந்த முடிபும் பெரும்பாலும் இதுவே. பொதுப் பணத்தில் கட்டிய அரங்கு, தனக்குச் செலவிட்ட பணத்தை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. இலாபமோ கழகத்தின் சொந்தக்காரருக்குப் போகிறது.

நமது கோயில்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இன்ன திருவிழா இன்னார் உபயம் என்று ஏற்றுக் கொள்வார்கள். மாலையும் மரியாதையும் யாருக்கோ, செலவும் அவருக்கே. ஆனால் கேணியை வெட்டுவதும் வீதியைத் துப்புரவு செய்வதும் எல்லோருடைய வேலை. ஏனென்றால் அவற்றால் வரும் பயன் எல்லோருக்கும் உரியது. அரசாங்கப் பணத்துக்கும் இந்த முறையே பொருந்தும் என்பேன். வாயிற்பணம் வாங்கப் போகிறவர் அரங்கைத் தம் உபயமாகக் கட்டட்டும். எல்லாப் பிள்ளைகளும் ஆடும் மைதானத்தை வரிப்பணம் கட்டட்டும்.

இப்பொழுது என் இளைய நண்பர்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. அது நியாயமான கேள்வி. "ஐயா, தெற்கே கோடி கோடியாகக் கொட்டினார்கள். யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு இந்தியாவின் உதவியால் புதுப்பிக்கப்பட்டு 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் அரங்குக்கு 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி சனாதிபதியே அடிக்கல் நாட்டினார். இவ்வளவு அழிவைக் கண்ட வன்னிக்குக் கேட்கும்போது மாத்திரம் சிக்கனம் பேசுகிறீர்களே?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வியிலுள்ள வலியை நான் அறிவேன். பல ஊர்களிலே கண்ணிவெடியை அகற்றிய பின்னரே நமது பிள்ளைகள் வெளியிற் கால் வைத்து விளையாடினார்கள். நமது பங்கைக் கேளாதிருங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லேன். கேளுங்கள், உரத்துக் கேளுங்கள். ஆனால் பிறர் செய்த பிழையை நமக்கும் ஒரு பங்கு தா என்று கேட்பது உரிமையாகாது. மேலும், மண்டைதீவு அரங்கு கிரிக்கெட் சபையின் திட்டம். தொலைக்காட்சி உரிமையால் சொந்த வருமானமுள்ள சபை அது. உதைபந்தாட்டத்தின் நிலை வேறு. நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை 2023ஆம் ஆண்டு ஜனவரியில் பீபா இடைநிறுத்தி, ஓகஸ்டிலே தடையை நீக்கியது. நிர்வாகம் இப்படித் தடுமாறிய விளையாட்டுக்கு முதலில் மாடி கட்டலாமா, அத்திவாரம் போடலாமா?

கிளிநொச்சி நகரில் போருக்குப் பின் எழுந்த விளையாட்டுத் தொகுதியை நீங்கள் அறிவீர்கள். தொடங்கிய வேலை முடியப் பல ஆண்டு இழுபட்டதையும் அறிவீர்கள். உள்ளதை முழுமையாகப் பயன்படுத்துவதற்கு முன் இன்னொன்றைக் கேட்பது, வீட்டிலே உழாத வயல் கிடக்க வெளியிலே வயல் வாங்குவது போன்றது.

இனி, நம்மை ஒத்த ஒரு சிறு நாட்டின் கதையைக் கேளுங்கள். வட கடலிலே ஐஸ்லாந்து என்றொரு தீவு. 2016ஆம் ஆண்டளவில் அதன் சனத்தொகை சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டங்களும் சேர்ந்தால் 3 இலட்சத்து 77 ஆயிரத்துக்கு மேல். அதாவது, அந்த நாடு நமது வன்னியிலும் சிறியது. அந்த நாடு 2016ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை 2க்கு 1 என்று வென்றது. 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்ரீனாவுடன் 1க்கு 1 என்று சமநிலை கண்டது.

அவர்கள் என்ன செய்தார்கள்? மாபெரும் அரங்கு கட்டவில்லை. அந்நாட்டுத் தேசிய அரங்கிலே அப்போது பத்தாயிரம் பேருக்குக்கூட ஆசனம் இல்லை. உதைபந்தாட்டச் சங்கமும் உள்ளூராட்சி மன்றங்களும் கூடி, பாடசாலைகளின் பக்கத்திலே செயற்கைப் புல் பதித்த சிறு மைதானங்களை நூற்றுக்கு மேல் அமைத்தன. பனிக்காலத்தில் ஆடுவதற்கு உள்ளக மண்டபங்கள் அமைத்தன. சிறு பிள்ளைக்கும் தராதரப் பத்திரம் பெற்ற பயிற்சியாளரே பயிற்சி கொடுக்கும்படி செய்தார்கள். அது செல்வ நாடு என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. செல்வ நாடே இப்படிச் சிக்கனமாகச் செலவிட்டது என்றால், கடன்பட்ட நாம் எப்படிச் செலவிட வேண்டும்?

நமக்கு அங்குள்ள பனி இல்லை; மாரி மழையும் கோடை வெயிலும் உண்டு. ஐப்பசி முதல் தை வரை நமது வெளிகளிலே வெள்ளம் நிற்கும். வைகாசிக்குப் பின் புல் கருகி மண் கல்லாகும். ஆகவே நமக்கு வேண்டியவை எவை? நீர் வடிந்தோட வாய்க்கால். கோடையிலே புல்லுக்கு ஊற்றக் கிணறு. வெயில் தணிந்த பின் ஆட மின்விளக்கு. பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறையும் கழிப்பிடமும். இந்த அறை இல்லாமையாலே நமது சங்கத்துப் பெண்கள் அணி இரண்டு முறை ஆட்டத்துக்குப் போகாமல் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளம் பெறும் பயிற்சியாளர் வேண்டும்.

முள்ளியவளையைச் சேர்ந்த எழுபது வயது கடந்த அம்மா ஒருவர் 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டிலே நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கம் வென்று வந்தார். எந்தப் பெரிய அரங்கு அவரை உருவாக்கியது? மனவுறுதி நம் மண்ணிலே உண்டு. அது வளர இடமும் வழிகாட்டியுமே வேண்டும்.

வன்னியிலே பிறந்தவர்களுக்குக் குளத்தைக் காட்டிச் சொன்னால் விளங்கும். இரணைமடு எவ்வளவு பெரிது என்று வெளியூரார் வியப்பர். கமக்காரன் கேட்பது ஒன்றே: கடைசி வயலுக்குத் தண்ணீர் போகிறதா? வாய்க்கால் இல்லாத குளம் பார்வைக்கு அழகு, பசிக்கு உதவாது. பெரிய அரங்கு குளமென்றால், ஊர் மைதானங்களே வாய்க்கால்கள். நாமோ வாய்க்கால் ஒன்றும் வெட்டாமல் குளத்தின் அணையை உயர்த்தச் சொல்லி விண்ணப்பம் எழுதுகிறோம்.

தொழில்முறைக் கழகம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 2018ஆம் ஆண்டு வடக்கு கிழக்குப் பிரிமியர் லீக் போட்டி தனியார் முயற்சியால் நடந்தபோது வன்னி அணிகளும் ஆடின. அப்படிக் கழகம் எழுந்து, ஆண்டுதோறும் ஆடி, சனம் திரண்டு, இடம் போதாமல் வந்தால், அப்போது அரங்கைப் பற்றிப் பேசலாம். அப்போதும் இலாபம் பெறுவோர் பெரும் பங்கு போடவேண்டும்; பராமரிப்புச் செலவுக்கு முன்கூட்டியே வழி செய்ய வேண்டும்; ஆட்டமில்லாத நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும்; கணக்கை ஊரார் பார்க்கப் பிரதேச சபைச் சுவரிலே ஒட்ட வேண்டும்.

செயலாளர் தம்பி, உங்கள் விண்ணப்பம் என் சட்டைப் பையிலே இருக்கிறது. இன்று நான் அதிற் கையொப்பமிடவில்லை. உங்கள் உழைப்பை நான் இகழ்வதாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு பிரதேசத்திலும் எந்த மைதானத்தில் வெள்ளம் நிற்கிறது, எங்கே விளக்கில்லை, எங்கே பெண்களுக்கு அறையில்லை என்று வாலிபர்களே சென்று பார்த்து எழுதி வாருங்கள். பிரதேச சபைக்கும் விளையாட்டுத் திணைக்களத்துக்கும் அதைக் கொடுப்போம். மைதான வேலைகளுக்கு 2016ஆம் ஆண்டு முதல் பீபா கொடுத்துவரும் பணத்தில் வன்னிக்கு என்ன பங்கு என்று சம்மேளனத்தையும் கேட்போம். அந்த விண்ணப்பத்திலே முதற் கையொப்பம் என்னுடையதாக இருக்கும். கொழும்புக்கு அதைக் கொண்டுபோக வேண்டுமென்றால், இந்த வயதிலும் உங்களோடு புகைவண்டியில் ஏற நான் ஆயத்தம்.