சுக்கினியின் பூ



காய்க்கென்று பயிரிடும் ஒரு செடியின் பூவை, காய்க்குச் சமமாகவும், சமயத்தில் காயினும் மேலாகவும் மதித்து உண்ணும் வழக்கம் இத்தாலி தேசத்தில் இருக்கிறது. சுக்கினி என்னும் அந்தச் செடி நம்முடைய பரங்கிக்கு நெருங்கிய உறவு. அதன் மூதாதையான இனத்தின் விதைகள், சுமார் 10,000 ஆண்டுப் பழமையுடையவை, மெக்சிகோவில் ஓஹாகா பிரதேசத்துக் குகையொன்றில் கண்டெடுக்கப்பட்டன. கொலம்பஸின் கடற்பயணத்திற்குப் பிறகு ஐரோப்பாவை அடைந்த அந்த இனம், மிலான் நகரைச் சூழ்ந்த வட இத்தாலியில், 19-ஆம் நூற்றாண்டில், கொடியாய்ப் படர்வதை விடுத்துப் புதராய் நிற்கவும், முற்றுவதற்கு முன்பே பறித்துண்ணும் இளங்காயைத் தரவும் பழகி, இன்றைய உருவத்தைப் பெற்றது.

ரோமாபுரியில் காம்போ தே ஃபியோரி என்னும் பழைய சதுக்கத்துச் சந்தையில், இந்தப் பூக்களைக் கட்டுக்கட்டாக வைத்து விற்கிறார்கள். ஆனால் சந்தையை நம்பி ஆசைப்படத்தக்க பொருளன்று இது. சூரியோதயத்தோடு விரிந்து, உச்சிப்பொழுதுக்கு முன்னரே இதழ் குவிந்து, மறுபடி ஒருபோதும் மலராத இந்தப் பூவுக்கு ஆயுள் ஒரு முற்பகல்தான். பறித்து, கூடையில் அடுக்கி, வண்டியேற்றி, கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அதன் மென்மையும் மணமும் பெரும்பாலும் போய்விடுகின்றன. ஆகவே, சுக்கினிப் பூவின் உண்மையான ருசி, செடியை வளர்த்தவருக்கே உரியது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

வளர்ப்பது சிரமமன்று. வெயில் நன்றாகப் படும் இடமும், தொழு உரம் தாராளமாகக் கலந்த மண்ணும் போதும். விதையை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி வேண்டும்; மாடியில் வளர்ப்பவர்கள் ஒரு பெரிய தொட்டிக்கு ஒரே செடியோடு நிறுத்திக்கொள்வது உசிதம். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் விட வேண்டும். நம் சமவெளிகளில் மழை ஓய்ந்த பனிக்காலமும், உதகை, கொடைக்கானல் போன்ற மலைகளில் கோடையும் இதற்கு ஏற்ற பருவங்கள். இலைகளில் வெண்பொடி தூவினாற்போலத் தோன்றும் சாம்பல் நோய் ஒன்றுதான் பெரிய தொல்லை. காற்றோட்டம் இருந்தால் அதுவும் மட்டுப்படும்.

விதைத்து ஐந்தாறு வாரத்தில் பூக்கள் தோன்றும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை உதிர்வதைக் கண்டு, செடி மலடோ என்று புதியவர்கள் கலங்குவதுண்டு. கலங்க வேண்டியதில்லை. நீண்ட மெல்லிய காம்பின் நுனியில் தனியே நிற்பது ஆண் பூ. இதழ்களுக்குக் கீழே விரல்நுனி போன்ற பிஞ்சைத் தாங்கி நிற்பது பெண் பூ. இந்த வித்தியாசத்தை அறிந்தவர் காய்க்கும் நஷ்டமின்றிப் பூவையும் உண்ணலாம். ஏனெனில், தேவைக்கு மிஞ்சிப் பூக்கும் ஆண் பூக்களில் ஒன்றிரண்டைச் செடியிலேயே விட்டுவைத்தால், மகரந்தச் சேர்க்கைக்கு அவை போதும். எஞ்சியவை அடுப்பங்கரைக்கு உரியவை.

அமெரிக்கக் கண்டத்தில் இந்தச் சேர்க்கைக்கென்றே வாழும் தேனீ இனங்கள் இருக்கின்றன. வைகறையிலேயே பூவைத் தேடி வரும் அவற்றுள் ஆண் தேனீக்கள், நண்பகலில் குவிந்த பூவுக்குள்ளேயே உறங்கிவிடும் என்பதை எண்ணும்போது, ஒரு பூவும் ஒரு பூச்சியும் இத்தனை நெருங்கி வாழக் கூடுமா என்று வியப்பே மேலிடுகிறது. நம் ஊரில் சாதாரணத் தேனீக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அவை வராத மாடிகளில் பிஞ்சு மஞ்சளித்து அழுகினால், ஓர் ஆண் பூவின் இதழ்களைக் களைந்து, அதன் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட்டால் காய் பிடிக்கும்.

பூ விரிந்திருக்கும் காலையிலேயே பறித்து, உள்ளே எறும்போ தேனீயோ இருக்கிறதா என்று பார்த்து, அடியிலுள்ள முட்போன்ற பச்சை இதழ்களையும் நடுத்தண்டையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். தண்ணீரில் ஊறவிடக் கூடாது. மாலையில்தான் சமைக்க முடியுமென்றால், ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

ரோமானியர் செய்யும் முறையில் பூவுக்குள் மோஸரெல்லாப் பாலாடைக்கட்டியின் சிறு துண்டு ஒன்றையும், உப்பிட்டுப் பதப்படுத்திய நெத்திலியில் ஒரு துணுக்கையும் வைத்து, இதழ் நுனிகளை முறுக்கி மூடுவார்கள். மைதாவைச் சில்லென்ற சோடா நீரில் நீர்க்கக் கரைத்து, அதில் தோய்த்து, நன்கு காய்ந்த எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, சூடு ஆறுமுன் உண்பார்கள். மாவின் குளிர்ச்சிதான் இதில் ரகசியம்: குளிர்ந்த மாவு கொதிக்கும் எண்ணெயைத் தொடும்போதுதான் மேல்தோல் மெல்லியதாய் மொறுமொறுத்து, உள்ளே பாலாடை உருகி நிற்கும். மரக்கறி உண்பவர்கள் மீனை விட்டுவிட்டுச் சற்று உப்பும் மிளகும் சேர்க்கலாம். நம் பஜ்ஜி மாவைப்போல் கெட்டியாகக் கரைத்துவிட்டால் பூவின் ருசி அதற்குள் புதைந்துபோகும்.

மெக்சிகோவிலோ பொரிப்பதைவிட வதக்குவதே பிரசித்தம். வெங்காயம், பச்சை மிளகாய் இவற்றோடு பூவை வதக்கி, பாலாடைக்கட்டியுடன் சோள ரொட்டிக்குள் மடித்துச் சுட்டுத் தருவார்கள், சூப்பும் வைப்பார்கள். வங்காளத்தில் பரங்கிப் பூவையே மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். மார்கழிக் கோலத்தில் நாம் சாணத்தின்மேல் செருகிவைக்கும் பூவும் அந்தப் பரங்கிப் பூதான். ஆகையால் சுக்கினி விதை கிடைக்காதவர்களும், வேலியில் ஒரு பரங்கிக் கொடி இருக்குமானால், அதன் ஆண் பூக்களை இந்த முறைகளில் சமைத்துப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. அழகுக்காக வளர்க்கும் கசப்புச் சுரைவகைகளோடு கலப்புற்ற காயிலிருந்து விதை எடுத்தால், அடுத்த தலைமுறைச் செடியில் கடுமையான கசப்பு தலையெடுக்கலாம். அந்தக் கசப்பு விஷம்; சமைத்தாலும் தீராது. அதை உண்டு 2015-இல் ஜெர்மனியில் ஒரு முதியவர் இறந்தே போனார். எனவே விதையை நம்பத்தக்க இடத்தில் வாங்குங்கள்; காயாயினும் பூவாயினும், வாயில் வைத்ததும் கசந்தால் உடனே துப்பிவிட்டு, மீதியையும் எறிந்துவிடுங்கள்.